ஒலிமுகவாசலில் நின்றவள்

1

மார்ச் மாதத்தோடு நான் திருவனந்தபுரத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் முடிந்தது. நம் ஊர்ச் சபை இதழில் துபாய்க்காரர்களும் கனடாக்காரர்களும் பாலைவனத்தையும் பனியையும் பற்றி எழுதுகிற பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார் ஆசிரியர் ஐயா. நான் எந்தக் கடலையும் கடக்கவில்லை. ஊரில் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ரயிலேறினால் மத்தியானச் சோற்றுக்கு இங்கே வந்துவிடலாம். வழியில் பாஸ்போர்ட் கேட்கவும் ஆளில்லை. "இதெல்லாம் ஒரு வெளிநாடா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

சிரிக்கிறவர்கள் பிள்ளைக்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட் வாங்க இங்கே வில்லேஜ் ஆபீசில் ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். "அச்சனும் அம்மயும் தமிழ்நாட்டுக்காரு. பின்னெ மோள் எங்ஙனெ இவிடத்துக்காரியாவும்?" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார். நான் ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சான்று, வரி ரசீது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் ஷரோன் குறுக்கே புகுந்து மலையாளத்தில் மடமடவென்று ஏதோ சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே ஆபீஸ் முத்திரையை எடுத்துக் குத்தினார். வெளியே வந்ததும், "என்னட்டி சொன்ன?" என்றேன். "அது அம்மைக்கு மனசிலாவாது, விடுங்க" என்றாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. நான் பெற்ற பிள்ளை எனக்கு விளங்காத ஒன்றைச் சொல்லி என் காரியத்தை முடித்துக் கொடுக்கிறாள். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் ஆட்டோவில் ஏறினேன்.

நான் இங்கே ஓர் இறையியல் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் சாமுவேலுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஒரு காண்டிராக்ட் கம்பெனியில் கணக்கு வேலை. ஆசிரியர் ஐயா என்னிடம் கேட்டது, வேதத்தில் மிதித்தலைக் குறிக்கும் சொற்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை. இங்கத்துப் பொங்காலைத் திருவிழாவுக்கு முந்தைய வாரமே அதைப் பாதி எழுதிவிட்டேன். மீதியை எழுத உட்கார்ந்தால் வரவில்லை. நடுவில் ஒன்று நடந்துவிட்டது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எழுதி வைத்திருந்த பாதி இது.

நம் தமிழ் வேதாகமத்தில் பல இடங்களில் 'மிதி' என்று ஒரே வார்த்தையாக இருப்பது எபிரெயத்தில் ஐந்தாறாகப் பிரிந்து கிடக்கிறது. தாரக் என்றால் காலை ஊன்றி நடப்பது. வழி என்பதற்கான தெரெக் என்ற சொல் இதன் உறவுதான். திராட்சை ஆலையில் இறங்கி மிதிப்பதும் தாரக், வில்லைக் காலால் அமுக்கி வளைத்து நாணேற்றுவதும் தாரக். உள்ளங்கால் மிதிக்கும் இடமெல்லாம் உங்களுடையது என்று இஸ்ரவேலருக்குக் கொடுத்த வாக்கில் வருவதும் இந்தச் சொல்லே. தூஷ் என்பது களத்து வேலை, கதிரைப் பரப்பி மாட்டை விட்டு மிதிக்க வைப்பது. போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்ற கட்டளையில் இருப்பது அதுதான். பூஸ் என்பது எதிரியைக் காலின்கீழ்ப் போட்டு வெறுப்போடு மிதிப்பது. கபஷ் என்பது அமுக்கி அடக்குவது. மீகா தீர்க்கதரிசி இந்தச் சொல்லைச் சொல்லுமிடத்தில் காலடியில் கிடப்பது நம்முடைய அக்கிரமங்கள். அதனால் அந்த இடத்தை வாசிக்க எனக்கு எப்போதும் நிம்மதியாக இருக்கும்.

கடைசியில் ரமஸ். குயவன் களிமண்ணைப் பதமாக மிதிப்பதற்கும் இந்தச் சொல்தான், யேசபேல் ராணி ஜன்னலிலிருந்து விழுந்து மிதிபட்டதற்கும் இந்தச் சொல்தான். மண்ணுக்கும் மனுஷிக்கும் ஒரே சொல்.

கிரேக்கத்தில் பதேயோ என்றால் மிதி. அதற்கு முன்னால் 'கதா' சேர்ந்தால் கதபதேயோ, கீழே போட்டு நசுக்கி மிதிப்பது. சாரம் போன உப்பும், வழியோரம் விழுந்த விதையும், பன்றிகளுக்கு முன் போட்ட முத்தும் அந்தக் கதிக்கு ஆனவை. லூக்கா இன்னொரு இடத்திலும் அதைப் போட்டிருக்கிறார். ஆண்டவர் பேசுவதைக் கேட்க ஆயிரமாயிரமாய் ஜனங்கள் கூடி, ஒருவரையொருவர் மிதிக்கும் அளவுக்கு நெருக்கிக்கொண்டு நின்றார்களாம். வந்தவர்கள் கொலைகாரர்கள் இல்லை. பிரசங்கம் கேட்க வந்தவர்கள்.

ரமஸ் வருகிற இடங்களில் நான் வகுப்பில் அதிக நேரம் நிற்பது சமாரியாவின் ஒலிமுகவாசலில். பட்டணத்து வாசலுக்கு நம் பழைய மொழிபெயர்ப்பில் அதுதான் பெயர். கதை உங்களுக்குத் தெரியும். பட்டணத்தைப் பகைவர் முற்றுகை போட்டு, உள்ளே கொடிய பஞ்சம். நாளைக்கு இந்த வாசலில் மாவு மலிவாக விற்கும் என்று எலிசா தீர்க்கதரிசி சொல்கிறார். ராஜாவுக்குக் கைலாகு கொடுக்கிற பிரதானி ஒருவன் கேலி பேசுகிறான். மறுநாள் பகைவர் பாளயத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட, ஜனங்கள் சாப்பாட்டைத் தேடி வாசலுக்கு ஓடிவருகிறார்கள். வாசலைக் கவனித்துக்கொள்ள ராஜா நிறுத்தியிருந்தது அந்தப் பிரதானியை. மிதிபட்டுச் சாகிறான். அவிசுவாசத்துக்கு வந்த தண்டனை என்றுதான் நானும் வருஷாவருஷம் நடத்தினேன். பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அந்த இடத்தில் 'சேர்ந்து' என்ற பொருள் தரும் 'சுன்' என்பதைச் சேர்த்து, சேர்ந்து மிதித்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். யாருடைய கால் என்று கேட்க முடியாது. எல்லாருக்கும் பசி, அவ்வளவுதான்.

இதுவரைக்கும் எழுதியிருந்தேன். நல்ல கட்டுரைதான் என்று நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

3

கூட்டம் என்றால் எனக்கு உள்ளூரப் பயம். இதை இந்த இதழில் ஒளிக்க வேண்டியதில்லை, நம் சபையிலேயே மூத்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

வெளியார் யாராவது வாசித்தால் அவர்களுக்காக நம் ஊர் அசனப் பண்டிகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அறுப்பின் பண்டிகை முடிந்து சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய விருந்து அது. சோறு வடித்துப் பாயில் மலையாகக் கொட்டியிருக்கும். அந்தக் காலத்தில் ஆராதனை முடிந்து மணி அடித்ததும் காம்பவுண்டு கேட்டை அகலத் திறந்துவிடுவார்கள். முதல் பந்தியில் இடம் பிடிக்க எல்லாரும் ஓடுவார்கள். நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அப்படி ஓடுகையில் விழுந்தேன். மேலே வெளிச்சம் இல்லாமல் போனது நினைவிருக்கிறது. பிறகு கால்கள்தான். மெட்டி போட்ட கால், செருப்பில்லாத கால், புது ஷூ போட்ட கால். வயிற்றில் ஒன்று ஏறி இறங்கியபோது சத்தம் போட மூச்சில்லை. என்னை மிதித்தவர்கள் எல்லாரும் எனக்கு அத்தையும் சித்தியும் பெரியப்பாவும் ஆனவர்கள். ஒருவருக்கும் என்னை மிதிக்கிறோம் என்று தெரியாது. தெரிந்திருந்தால் அழுதிருப்பார்கள்.

அடுத்த வருஷத்திலிருந்து சபைக் கமிட்டி ஒரு வழக்கம் வைத்தது. கேட்டின் ஒரு பாதியைச் சாத்திக் கொண்டி போட்டுவிடுவது. மற்றப் பாதியில் கைகளை விரித்து இரண்டு பேர் நின்று, பந்திக்கு வேண்டிய ஆளை மட்டும் விடுவது. மற்றவர்கள் வெளியே வேப்பமரத்து நிழலில் நிற்பார்கள். அதற்குப் பிறகு ஒருவர்கூட விழவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது, நீங்களே பார்க்கிறீர்கள். திறந்து கிடக்கிற கேட் ஆபத்து, பாதி சாத்திய கேட் பாதுகாப்பு என்று என் உடம்பில் பதிந்து போனது.

4

இந்த நகரத்தின் பெரிய பொங்காலை அன்றைக்கு அம்மனுக்குப் பொங்கலிடத் தெருக்கள் முழுக்கப் பெண்கள். மூன்று செங்கல், ஒரு மண்பானை, ஓலை, கொதும்பு என்கிற காய்ந்த தென்னம்பாளை. பல மைல் தூரத்துக்கு அடுப்புதான். சாதி மதம் பார்க்காமல் வீட்டுக்காரர்கள் கேட்டைத் திறந்து வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள், பாத்ரூமுக்கு விடுவார்கள். எங்கள் சபைக் காம்பவுண்டும் திறந்திருக்கும். பெண்கள் ஐக்கியத்தார் சம்பாரம் கலக்கி ஊற்றுவோம். நம் நீர்மோருக்கு இங்கே அதுதான் பெயர். நான் வருஷாவருஷம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் ஒதுங்கிக்கொள்வேன். கேட்டுப் பக்கம் போகமாட்டேன்.

இந்த வருஷம் ஷரோன் புதிதாக ஒன்றைக் கிளப்பினாள். அவளுடைய சிநேகிதி அனகாவின் அம்மா பிந்துவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. குனிந்து அடுப்பு மூட்ட முடியாது. அனகா கல்லூரிச் சேர்க்கைக்காகப் பெங்களூர் போயிருந்தாள். அதனால் ஷரோன் கூடப்போய் உதவி செய்ய வேண்டுமாம். எங்கள் சபை இருக்கிற சந்திலேயே இடம் பிடித்திருக்கிறார்களாம்.

"அது நம்ம விசுவாசத்துக்குச் சரிப்படாதுட்டி" என்றேன்.

"நான் பொங்கால இடலியே அம்மே. பிந்து ஆன்ட்டிக்கு வெறகு எடுத்துக் குடுப்பேன், அவ்வளவுதான்."

"சபையில என்ன சொல்லுவாங்க?"

"சபையில நீங்கள்ளாம் சம்பாரம் குடுப்பீங்கல்லோ?"

"அது வேற."

"அம்மைக்குக் கூட்டம்தான் பேடி. அதுக்கு எதுக்கு ஆண்டவர இழுக்குறீங்க?" என்றாள். பேடி என்றால் இங்கே பயம்.

சாமுவேல் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். "புள்ள சொல்லுததுதான சரி? போட்டும். சந்து முனையிலதான, நீயும் பக்கத்துலதான நிக்க?" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம் பஸ்ஸில் ஒரு பெண் டிரைவரைப் பார்த்து, "ஒண்ணு சவிட்டணே" என்று கத்த, யாரையோ மிதிக்கச் சொல்கிறாள் என்று நான் காலை இழுத்துச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டேன். பிரேக்கை மிதிக்கச் சொன்னாள் பாவம். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அப்பாவும் மகளும் வருஷக்கணக்காகச் சிரித்திருக்கிறார்கள். என் பயம் எங்கள் வீட்டில் ஒரு தமாஷ். சரி, போ என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டு அந்த வாரம் சபைக் கமிட்டியில் போய்ப் புலம்பினேன். சந்து குறுகலானது, இரண்டு பக்கமும் மதில், எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் என்ன ஆகும் என்று வெகுநேரம் பேசினேன். செக்ரட்டரி ராஜன் சார் பாறசாலைக்காரர், இரண்டு மொழியையும் கலந்தடித்துப் பேசுவார். "டீச்சருக்குக் கூட்டத்தப் பத்தி இத்தற அறிவு உண்டெங்கில், இந்தத் தடவ டீச்சர் தன்னெ கேட்டில் நிக்கணும்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். சரி என்றேன். பிரதானியை வாசலில் நிறுத்தின கதை அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வந்தது.

5

அன்றைக்குக் காலை எல்லாம் ஒழுங்காக நடந்தது. குரவைச் சத்தம் கேட்டது, சந்து முழுவதும் புகை ஏறியது, பானைகள் பொங்கின. கேட்டிலிருந்து பார்த்தால் ஷரோன் தெரிந்தாள். தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு, கண் சிவந்து, பிந்துவின் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். பக்கத்து அடுப்புக்காரிகளோடு ஏதோ பேசிச் சிரித்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு ஒருதரம் கையை ஆட்டினாள். அத்தனை பேருக்கு நடுவில் என் மகள் இவ்வளவு சௌகரியமாக இருக்கிறாளே என்று ஆச்சரியமாக இருந்தது. அப்படி ஒருநாளும் நான் இருந்ததில்லை.

பொங்கிய பிறகு யாரும் கிளம்ப மாட்டார்கள். பூசாரிகள் வந்து தீர்த்தம் தெளித்த பிறகுதான் பானையை எடுக்கலாம். மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தது. மழை தூறியபோதும் ஒருவரும் அடுப்பை விட்டு நகரவில்லை. தட்டால் பானையை மூடிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனவர்கள் சந்தின் மறுமுனையைத் தாண்டியதும் ஓர் இடி இடித்தது. மழை கொட்டத் தொடங்கியது. சந்தில் இருந்தவர்கள் மொத்தமும் எழுந்தார்கள். இரண்டு பக்கமும் மதிலான அந்தச் சந்தில் அவ்வளவு பேர் மழைக்கு ஒதுங்கத் திறந்திருந்தது எங்கள் கேட் ஒன்றுதான்.

சூடான பானைகளோடு அவர்கள் என்னைப் பார்த்து வந்தார்கள். நடந்துதான் வந்தார்கள். ஓடவில்லை, தள்ளவில்லை. ஆனால் எனக்கு அவர்களுடைய முகம் தெரியவில்லை, கால்தான் தெரிந்தது. என் கை தானாக வேலை செய்தது. கேட்டின் ஒரு பாதியை இழுத்துச் சாத்தினேன். கீழ்க்கொண்டியைத் தரையிலிருந்த குழிக்குள் இறக்கினேன். மற்றப் பாதியில் கையை விரித்து நின்றுகொண்டு, "மெதுவா, மெதுவா, பத்துப் பத்துப் பேரா" என்றேன். ஊரில் என் அப்பாவும் அவர் வயதுக்காரர்களும் நிற்கிற அதே மாதிரி.

முதலில் வந்தவர்கள் சிரித்துக்கொண்டே நின்றார்கள். ஆனால் ஊரில் வெளியே நிற்பவர்களுக்கு மைதானம் உண்டு, வேப்பமரம் உண்டு, பின்னால் மழை இல்லை. இங்கே பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் கேட் பாதி சாத்தியிருப்பது தெரியாது. இரண்டாவது இடி இன்னும் பக்கத்தில் விழுந்தது. அதன் பிறகு சந்து ஒரே உடம்பாக ஆகிவிட்டது.

முன்னால் நின்றவர்களின் சிரிப்பு நின்றது. யாரோ, "தள்ளல்லே, தள்ளல்லே" என்றார்கள். ஒரு பானை உடைந்தது. திறந்திருந்த பாதியில் ஒரு பெண் கால் மடங்கி உட்கார்ந்தாள். பிந்து. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் அவளைத் தாண்ட முடியாமல் சாத்திய பாதியின்மேல் சாய்ந்தார்கள். பிந்துவின் மேல் ஒருத்தி குனிந்து, இரண்டு கையையும் தூணில் ஊன்றிக்கொண்டு, தன் முதுகால் கூட்டத்தைத் தாங்கினாள். ஷரோன்தான். அடுத்த நெருக்கலில் அவளும் கேட்டுக் கம்பியோடு ஒட்டினாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் முகம், இந்தப் பக்கம் என் முகம். கையை நீட்டினால் தொடலாம்.

"அம்மே, கேட் தொற" என்றாள்.

நான் குனிந்து கொண்டியை இழுத்தேன். வரவில்லை. அத்தனை பேருடைய பாரமும் கேட்டில் சாய்ந்திருக்கிறது, கொண்டி குழிக்குள் இறுகிப்போய்விட்டது. இரண்டு கையாலும் இழுத்தேன். நகம் பிய்ந்தது. "பின்னால போங்க, என் புள்ள, என் புள்ள" என்று தமிழில் கத்திக்கொண்டே இருந்தேன். மலையாளம் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் அந்த மழையில் பின்னால் யாருக்குக் கேட்டிருக்கும்? ஷரோன் இன்னொருதரம் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மூச்சு விட இடமில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவள் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ராஜன் சார் பாதிரியார் வீட்டுப் பக்கத்துச் சின்னக் கேட்டைத் திறந்துவிட்டு, பாடகர் குழுப் பெண்களை மதிலோரத் திண்டில் ஏற்றி, "சேச்சீ, இங்ஙோட்டு வா, இங்ஙோட்டு வா" என்று பின்னால் நின்றவர்களைக் கூப்பிடச் சொன்னார். கூட்டத்தின் வால் அந்தப் பக்கம் திரும்பியது. கேட்டின் மேலிருந்த பாரம் மெதுவாகக் குறைந்தது. கொண்டி என் கையோடு மேலே வந்தது. கதவு உள்ளே திறந்தபோது ஷரோன் கம்பியைப் பிடித்தபடியே வந்து என் மடியில் விழுந்தாள். உடனே எழுந்திருக்கப் பார்த்தாள். "பிந்து ஆன்ட்டி, பிந்து ஆன்ட்டி" என்றாள்.

6

யாரும் சாகவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பிந்துவுக்கு மணிக்கட்டில் முறிவு. இரண்டு மூன்று பேருக்குச் சுடுசோறு கொட்டின கொப்புளம். ஷரோனுக்குத் தோளிலிருந்து இடுப்பு வரை கம்பி கம்பியாக நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

என்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. ராஜன் சார் மறுநாள் கமிட்டியில், "டீச்சர் அவிடெ கேட்டில் இல்லாதிருந்நெங்கில் எந்து ஆகும்?" என்று நன்றி சொன்னார். நான் எழுந்து, நான் அதைச் சாத்தியிருக்காவிட்டால் எல்லாரும் உள்ளே வந்து மரத்தடியில் நின்றிருப்பார்கள், அவ்வளவுதான் என்றேன். "டீச்சர் வெறுதெ விஷமிக்கண்டா" என்றார்கள், வீணாக வருந்த வேண்டாமாம். உட்கார வைத்துவிட்டார்கள். சாமுவேலும் அதையே சொல்கிறார். பிந்து கட்டுப்போட்ட கையோடு வந்து, உங்கள் மகள் என்னைக் காப்பாற்றினாள் என்று என் கையைப் பிடித்து அழுதாள்.

ஷரோனிடம் நானே கேட்டேன். "அம்மா மேல கோவமாட்டி?"

"இல்லம்மே. நீங்க பேடிச்சுப் போனீங்க, அவ்வளவுதான்." தோளைத் தேய்த்துக்கொண்டே, "நானும் பேடிச்சேன்" என்றாள்.

அந்தப் பிரதானியைப் பற்றி இனி நான் வகுப்பில் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியவில்லை. அவன் கேலி பேசினான், உண்மை. ஆனால் சாகிற அந்த நேரத்தில் அவன் செய்துகொண்டிருந்தது, பசித்தவர்கள் வருகிற வழியில் கையை விரித்து நின்றதுதான். ஒருவேளை யாரும் விழுந்துவிடக் கூடாதே என்றுகூட நின்றிருக்கலாம். வேதம் அதைச் சொல்லவில்லை. நானும் ஊகித்துச் சொல்லக் கூடாது. கட்டுரையின் மீதிப் பாதி இதனால்தான் வரவில்லை ஐயா.

ஷரோன் உடம்பில் நீலம் மறைந்துவிட்டது. ஆனால் போன வாரம் ஷரோனோடு கடைக்குப் போனபோது ஒன்றைக் கண்டேன். பஸ் வந்தது. எல்லாரும் ஏறினார்கள். அவள் ஏறவில்லை. "அடுத்ததுல போவாம்" என்றாள். அடுத்ததிலும் அதையே சொன்னாள். டியூஷன் விட்டதும் எல்லாரும் படியிறங்கிப் போகும்வரை வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம், அவளுடைய டீச்சர் போனில் சொன்னார்.

குருத்தோலை ஞாயிறன்று சபையில் பவனி. சின்ன வயதிலிருந்தே ஓலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் போகிறவள் அவள். நான்தான் ஒவ்வொரு வருஷமும், "ஓரமா நில்லுட்டி, கூட்டத்துக்குள்ள போகாத" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடுவேன். ஒருதரம்கூட அவள் காதில் வாங்கியதில்லை. இந்த வருஷம் பாட்டு தொடங்கியது, பிள்ளைகள் கேட்டை நோக்கி நகர்ந்தார்கள். என் பக்கத்தில் மதிலோடு ஒட்டி ஒருத்தி நின்றாள். ஓலை கையில் தொங்கியது. என் சேலை முந்தானையை மற்றக் கையால் பிடித்திருந்தாள். "போட்டி, எல்லாரும் போறாங்கல்லா" என்றேன். "எல்லாரும் போவட்டும் அம்மே. நம்ம கடைசில போவாம்" என்றாள்.

இத்தனை வருஷமாக நான் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். கிடைத்துவிட்டது.

இந்தப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் கடைசியில் தங்களுக்காக ஜெபிக்கச் சொல்வார்கள். எனக்காக வேண்டாம். வரும் அசனத்துக்கு அவளை ஊருக்குக் கூட்டி வருகிறேன். நம் பிள்ளைகளில் துணிச்சலான யாராவது அவள் கையைப் பிடித்து, என்னைக் கேட்காமல், கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு ஓடுங்கள். நான் கத்துவேன். நிற்காதீர்கள்.